ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பெல் சைபன் திடீரென்று முரண்டு பிடிப்பது ஏன்?

உங்கள் மொட்டை மாடியில் 300 லிட்டர் மீன் தொட்டி ஒன்றும், 200 லிட்டர் நீல டிரம்மை நீளவாக்கில் பாதியாக அறுத்து ஜல்லி நிரப்பிய செடித்தொட்டி ஒன்றும் இருக்கின்றன. மோட்டார் மீன் தொட்டித் தண்ணீரைச் செடித்தொட்டிக்கு ஏற்றுகிறது. செடித்தொட்டியின் அடி வழியாக நிமிர்ந்து நிற்கும் ஒரு இஞ்ச் வடிகுழாயும் (ஸ்டாண்ட் பைப்), அதன் மேல் கவிழ்த்த, தலை மூடிய மூன்று இஞ்ச் குழாயும் (பெல்) கொண்ட சைபன் அதை மீண்டும் மீன் தொட்டிக்கே வடிக்கிறது. ஏழு மாதம் தானாக நிரம்பித் தானாக வடிந்தது. கடந்த மூன்று வாரமாகச் சில நாள் தண்ணீர் மேல்மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. வேறு சில நாள் அடியில் சலசலத்துக்கொண்டே இருந்து மேலே ஏற மறுக்கிறது. பெல்லை மாற்றியும் பயனில்லை, வோல்டேஜ் குறைவால் மோட்டார் தளர்ந்திருக்குமோ, பெரிய மோட்டார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டாரைப் பற்றிக் கேட்பது போலத் தோன்றினாலும், உண்மையில் உங்களைக் குழப்புவது வேறொன்று: யாரும் எதையும் மாற்றாத ஓர் அமைப்பில், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கோளாறுகள் எப்படி மாறி மாறி வருகின்றன என்பதே அது. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மோட்டார் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

பாலிடெக்னிக் ஒன்றில் நீரியல் ஆய்வகத்தைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். ஒன்பது ஆண்டுகளாக என் வீட்டு மாடியிலும் இதே போன்ற நான்கு தொட்டிகளை ஓட்டி வருகிறேன். உங்கள் அமைப்பை நேரில் பார்க்காததால் குறை இன்ன இடத்தில்தான் என்று இங்கிருந்தே சொல்லிவிட முடியாது. ஆனால் குறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஒரு வாளியும் ஒரு கைக்கடிகாரமும் இருந்தால் நீங்களே அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

சைபன் எப்படித் தொடங்குகிறது, எப்படி நிற்கிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஸ்டாண்ட் பைப்பின் வாயைத் தாண்டி உள்ளே விழத் தொடங்கும்போது அது வெறும் வழிதல்தான். விழும் தண்ணீர் குழாயின் குறுக்களவை முழுவதும் அடைத்துக்கொண்டு இறங்கினால், பெல்லுக்குள் சிக்கியிருக்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்; காற்று போன இடத்துக்குத் தண்ணீர் ஏறும்; அடுத்த சில நொடிகளில் முழுவீச்சில் வடியத் தொடங்கிவிடும். விழும் தண்ணீர் குறைவாக இருந்தால் குழாய்ச் சுவரை ஒட்டி மெல்லிய படலமாக வழிந்து போகும், நடுவில் காற்றுக்கு வழி திறந்தே இருக்கும், சைபன் பிடிக்காது. முடிவிலும் இதே கதைதான். மட்டம் பெல்லின் அடியில் உள்ள வெட்டுகள் வரை இறங்கியதும் காற்று உள்ளே புகுந்து ஓட்டத்தை அறுக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்திலும் மேலிருந்து தண்ணீர் வேகமாக வந்துகொண்டிருந்தால், வருவது முழுவதும் அப்படியே காற்றோடு கலந்து சலசலவென்று வெளியேறிக்கொண்டே இருக்கும், சைபன் அறுபடாது. நடுவில் கண்ணனைத் தூக்கிக்கொண்டு வசுதேவர் நிற்கும் பித்தளைக் கிண்ணத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். தண்ணீர் குழந்தையின் காலைத் தொட்டதும் கிண்ணம் முழுவதும் வடிந்துவிடும். அதுவும் சைபன்தான், அதையும் துளித்துளியாக நிரப்பினால் காலடி மட்டத்தில் கசிந்துகொண்டே நிற்குமே தவிர, அற்புதம் எதுவும் நிகழாது.

ஆக, ஒரு சைபன் இரண்டு எல்லைகளுக்கு நடுவில் வாழ்கிறது. உள்வரத்து கீழ் எல்லைக்குக் குறைந்தால் அது தொடங்காது. மேல் எல்லையைத் தாண்டினால் நிற்காது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2014-இல் வெளியிட்ட சிறிய அளவு அக்வாபோனிக்ஸ் (மீனையும் செடியையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் முறை) கையேடு, 25 மி.மீ. ஸ்டாண்ட் பைப்புக்கும் 75 மி.மீ. பெல்லுக்கும் மணிக்கு 200 முதல் 500 லிட்டர் வரை உள்வரத்து என்று கணக்கு வைக்கிறது. என் தொட்டிகளிலும் ஏறத்தாழ அந்த இடைவெளிதான் பொருந்தி வருகிறது, ஒவ்வொரு பெல்லுக்கும் ஓரங்கள் சற்று முன்பின் நகர்ந்தாலும். உங்கள் சைபனும் ஏழு மாதம் இந்த இடைவெளிக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் ஓடியிருக்க வேண்டும். இப்போது உள்வரத்து மாறியிருக்கிறது, அல்லது அழுக்காலும் வேராலும் இடைவெளியே சுருங்கியிருக்கிறது, அல்லது இரண்டும் நேர்ந்திருக்கிறது. எதிர் எதிரான கோளாறுகள் மாறி மாறி வருவதால், நான் மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

எனவே பெல்லைத் தொடாதீர்கள், முதலில் உள்வரத்தை அளந்து பாருங்கள். செடித்தொட்டியில் தண்ணீர் விழும் குழாயின் நுனியை, அது இருக்கும் உயரத்திலேயே பிடித்தபடி, 10 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். குழாயைத் தாழ்த்திப் பிடித்தால் தண்ணீர் கூடுதலாக வந்து கணக்கு பொய்த்துவிடும். 90 நொடியில் நிரம்பினால் மணிக்கு 400 லிட்டர். மூன்று நிமிடமானால் 200. நான்கு நிமிடத்தைத் தாண்டினால் 150-க்கும் கீழே. ஒருமுறை அளந்தால் போதாது. சைபன் மேலே நின்றுவிட்ட நாளில் ஒருமுறை, அடியில் சலசலக்கும் நாளில் ஒருமுறை என இரண்டு நாளும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய வேறுபாடு இருந்தால் குறை மோட்டார் பக்கம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் குறை சைபன் பக்கம்.

வோல்டேஜ் பற்றிய உங்கள் ஐயத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். மீன் தொட்டிகளில் போடும், வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் சிறிய நீர்மூழ்கி மோட்டார்கள் பெரும்பாலும் காந்தச் சுழலி கொண்டவை. அவற்றின் சுழற்சி மின்னோட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணோடு பூட்டப்பட்டிருக்கிறது, வோல்டேஜோடு அல்ல. வோல்டேஜ் மிகவும் தாழ்ந்தால் அவை உறுமி நின்றுபோகுமே ஒழிய, பாதி வேகத்தில் ஓடமாட்டா. சோலார் பலகையில் நேரடியாக ஓடும் டிசி மோட்டாராக இருந்தால் கதை வேறு. மேகம் மறைத்தாலே அதன் வரத்து குறையும்.

வரத்தைக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் வேறு இரண்டு காரணங்கள். ஒன்று, மோட்டாரின் வடிகட்டிப் பஞ்சிலும் சுழலி இருக்கும் குழியிலும் சேரும் மீன் கழிவும் பாசியும். சேரச் சேர வரத்து குறையும். ஒருநாள் கழுவினால் சட்டென்று கூடும். நீங்கள் மோட்டாரைக் கழுவிய நாட்களுக்கும் சைபன் அடியில் சலசலத்த நாட்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். மற்றொன்று பலர் கவனிக்காதது: மீன் தொட்டியின் நீர்மட்டம். மோட்டாரின் மேல் அச்சிடும் மணிக்கு 1000 லிட்டர் என்பது போன்ற கணக்கு, தண்ணீரை மேலே ஏற்றாமல் விட்டால் வரும் அளவு. 2 மீட்டர் வரை ஏற்றும் என்று போட்ட மோட்டார் 1.2 மீட்டர் ஏற்றும்போது தோராயமாக 400 லிட்டர்தான் தரும். கோடையில் ஆவியாவதும் செடிகள் குடிப்பதும் சேர்ந்து உங்கள் அளவுத் தொட்டியில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து லிட்டர் போய்விடும். பத்து நாள் தண்ணீர் விடாவிட்டால் மட்டம் 15 செ.மீ. வரை இறங்கலாம், ஏற்ற வேண்டிய உயரம் அந்த அளவு கூடும், அதே தோராயக் கணக்கில் 400 என்பது 325 ஆகிவிடும். குழாய்க்குள் பாசியும் படிந்திருந்தால் இன்னும் குறையும். வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு நிரப்பிய மறுநிமிடமே வரத்து பழையபடி ஏறிவிடும். சைபன் முரண்டு பிடித்த நாட்களையும் நீங்கள் தண்ணீர் நிரப்பிய நாட்களையும் ஒப்பிட்டால் பாதி விடை அதிலேயே இருக்கக்கூடும்.

இனி சைபன் பக்கம். தண்ணீர் மேலேயே நிற்கும்போது, 10 லிட்டர் வாளித் தண்ணீரைத் தொட்டியிலிருந்தே மொண்டு, பெல்லுக்குப் பக்கத்தில் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். உடனே சைபன் பிடித்துக்கொண்டு வடிந்தால் பெல்லில் குறை இல்லை, வரத்துதான் போதவில்லை. ஊற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஒன்று பெல்லில் எங்கோ காற்று புகுகிறது, அல்லது வெளியேறும் பாதை அடைபட்டிருக்கிறது. அடைப்பா என்பதை மீன் தொட்டிப் பக்கம் பார்த்தே சொல்லிவிடலாம்: வாளி ஊற்றியபோது வெளிக்குழாயில் தண்ணீர் கூடுதலாக விழாமல் செடித்தொட்டியின் மட்டம் மட்டும் உயர்ந்தால் அடைப்பு. கூடுதலாக விழுந்தும் சைபன் பிடிக்காவிட்டால் காற்றுக் கசிவு. அதைக் கண்டுபிடிக்க, பெல்லை வெளியே எடுத்து, வாய் கீழிருக்கும்படி தண்ணீர் நிறைந்த வாளிக்குள் முழுவதும் அமுக்கிப் பிடியுங்கள். மேல் மூடியின் விளிம்பிலோ, காற்றுக்குழல் (பெல்லின் உச்சியிலிருந்து வெளிப்பக்கமாக அடி வரை இறங்கி, சைபன் அறுபடக் காற்றை உள்ளே விடும் சிறு குழல்) செருகிய இடத்திலோ குமிழி வந்தால் கசிவு அங்கேதான். வெயிலில் காயும் பிவிசி மூடி மயிரிழை அளவு விண்டுபோவது நம் ஊர் மாடிகளில் சாதாரணம். சொலூஷன் போட்டு ஒட்டாமல் அழுத்தி மட்டும் செருகிய மூடி முதல் சில மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு தளரும். நீங்கள் மாற்றிய புது பெல்லிலும் மூடியை ஒட்டாமல் விட்டிருந்தால், மாற்றியதாகவே கொள்ள வேண்டாம்.

அடியில் சலசலக்கும் நாளில் செய்ய வேண்டிய சோதனை இதற்கு நேர் எதிரானது. மோட்டாரை இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். உர்ரென்று காற்றை உறிஞ்சும் ஓசையோடு சைபன் அறுபட்டு, மீண்டும் மோட்டார் போட்டதும் ஒருமுறையேனும் ஒழுங்காக நிரம்பி வடிந்தால், அந்த நாளில் வரத்து மேல் எல்லையைத் தாண்டியிருக்கிறது, அல்லது காற்று புகும் வழி சிறுத்திருக்கிறது. காற்றுக்குழல் வைத்திருப்பீர்களானால் அதன் அடிவாயைப் பாருங்கள். மீன் தொட்டிக் காற்றுக்குப் போடும் மெல்லிய குழலைப் பயன்படுத்தியிருந்தால், அதன் 4 மி.மீ. துளையைப் பாசி அடைக்க ஆறு மாதம் போதும். நான் அரை இஞ்ச் ஹோஸ் துண்டுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை விட்டது. குழலின் அடிவாய், பெல்லின் வெட்டுகளுக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே முடிய வேண்டும். கீழே போய்விட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

இப்போது வேர். புதினா வைத்திருப்பதாக நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது, அதுவும் சைபனை ஒட்டியே. இதைப் பார்த்ததும் என் பழைய அவதி நினைவுக்கு வந்தது. மூன்றாம் ஆண்டில் என் தொட்டி ஒன்று இதே போல முரண்டு பிடிக்க, இரண்டு வாரத்தில் நான்கு பெல் செய்து மாற்றினேன். ஆய்வகத்தில் மாணவர்களுக்கு அளந்து பார், பிறகு பேசு என்று சொன்ன அதே ஆள்தான். ஐந்தாவது பெல்லுக்குக் குழாய் அறுக்க உட்கார்ந்தபோது ஏதோ தோன்றி, ஸ்டாண்ட் பைப்பின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில் ஈரச் சடை ஒன்று தொங்கியது. நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. முழம் அளவுக்கு, எலிவால் பருமனில், புதினா வேர். ஜல்லி பெல்லை நெருங்காதபடி அதைச் சுற்றி நிறுத்திய காப்புக்குழாயின் துளை வழியாக நுழைந்து, பெல்லின் வெட்டு வழியாக உள்ளே ஏறி, ஸ்டாண்ட் பைப்பின் வாய்க்குள் இறங்கி, முழங்கை வளைவு வரை போயிருந்தது. அதை உருவிப் போட்ட பிறகு, முதலில் கழற்றி எறிந்த பெல்லே மறுபடி வேலை செய்தது.

வேர் சைபனைக் கெடுப்பது ஒரு வகையில் மட்டுமல்ல. ஸ்டாண்ட் பைப்புக்குள் இறங்கினால் ஓட்டத்தைக் குறைத்து, வடியும் வேகத்தைத் தாழ்த்தி, மேல் எல்லையைக் கீழே கொண்டுவந்துவிடும். நேற்று வரை ஏற்ற வரத்து இன்று அதிகமாகிவிடும். அறுபடும் நேரத்தில் தண்ணீர் சலசலப்பது இதனால்தான். ஸ்டாண்ட் பைப்பைத் தொடாமல் காப்புக்குழாயின் துளைகளை மட்டும் வேரும் சகதியும் மூடினால் வேறொரு வினோதம் நடக்கும்: காப்புக்குழாய்க்குள் இருக்கும் தண்ணீரை சைபன் சில நொடிகளில் உறிஞ்சிவிட்டு அறுபட்டுவிடும், வெளியே ஜல்லிக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும். பார்ப்பவருக்குத் தண்ணீர் மேலேயே நிற்பது போலத் தெரியும், உண்மையில் சைபன் நிமிடத்துக்கு ஒருமுறை குட்டி குட்டியாகத் தொடங்கி நின்றுகொண்டிருக்கும். எனவே மேலே நிற்கும் நாளில் காப்புக்குழாய்க்கு உள்ளே ஒரு குச்சியும், வெளியே ஜல்லியைக் கையகலம் விலக்கிய குழியில் ஒரு குச்சியும் விட்டு இரண்டு மட்டங்களையும் ஒப்பிடுங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் வேறுபட்டால் பெல்லையும் மோட்டாரையும் மறந்துவிட்டுக் காப்புக்குழாயைக் கழுவுங்கள். பாட்டில் பிரஷும் தொட்டித் தண்ணீரும் போதும். சோப்பு வேண்டவே வேண்டாம், மீனின் செவுளுக்கு அது விஷம். புதினாவைத் தொட்டியின் மறுகோடிக்கு மாற்றுங்கள், அல்லது தனிச் சட்டியில் வைத்துவிடுங்கள். காப்புக்குழாயைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு எதையும் நடாமல் இருப்பது என் வழக்கம்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயமில்லை. வெளிக்குழாயைப் பற்றிச் சொல்லப்போவதை அந்த உறுதியோடு சொல்லமாட்டேன். தொட்டிக்கு அடியில் ஓர் எல்போ போட்டால் தண்ணீர் அங்கே சற்றுத் தேங்கிக் குழாயை அடைத்துக்கொள்வதால் சைபன் எளிதில் தொடங்குகிறது என்பது என் அனுபவம். ஆனால் இரண்டு எல்போவும் நீண்ட கிடைக்குழாயும் போட்ட ஒரு தொட்டியில் அறுபடுவது தாமதமானதையும் பார்த்திருக்கிறேன். வெளிக்குழாயின் நுனி மீன் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கலாமா என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. மூழ்கினால் சத்தம் குறையும் என்பதற்காகச் சிலர் அப்படி வைக்கிறார்கள். குழாயில் உள்ள காற்று வெளியேற வழி கடினமாவதால் தொடக்கம் கெடும் என்றே நான் நினைக்கிறேன், நுனியைத் தண்ணீருக்கு மேலே வைக்கிறேன். நீங்கள் மட்டம் நிறைய ஊற்றிய நாட்களில் நுனி மூழ்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒரு துண்டு வெட்டிக் குறைத்து ஒருநாள் ஓட்டிப் பார்ப்பதில் நட்டமில்லை.

அளவு சார்ந்த ஒரு திருத்தம் மட்டும் நிச்சயமாகப் பயன் தரும். ஸ்டாண்ட் பைப்பின் தலையில் புனல் போல ஒரு ரெடியூசரைக் கவிழ்க்காமல் நேராகச் செருகினால், அகன்ற வாயின் சுற்றளவு முழுவதும் தண்ணீர் ஒரே நேரத்தில் சேர்ந்து இறங்கி, குறைந்த வரத்திலும் குழாயை அடைத்துக்கொள்ளும். அதாவது கீழ் எல்லை இன்னும் தாழும், உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி அகலும். புனலின் வாய்க்கும் பெல்லின் கூரைக்கும் நடுவே இரண்டு செ.மீ.யாவது விட வேண்டும்; அந்த இடுக்கு புனல் வாயின் விட்டத்தில் நாலில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அதுவே தடையாகிவிடும். கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: ஒரு இஞ்ச் என்று கேட்டால் சிலர் 32 மி.மீ. விவசாயக் குழாயையும், சிலர் 33.4 மி.மீ. வெளிவிட்டம் உள்ள வீட்டுக் குழாயையும் தருவார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றின் ரெடியூசர் மற்றொன்றில் இறுக உட்காராது. உங்கள் ஸ்டாண்ட் பைப்பின் வெட்டிய துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பெரிய மோட்டார் வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். வேரையும் அழுக்கையும் எடுத்து, மீன் தொட்டியை வழக்கமான மட்டத்துக்கு நிரப்பிய பிறகும் வாளிக் கணக்கு 200-க்கும் கீழே இருந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கினாலும் அதன் முழு வரத்தையும் செடித்தொட்டிக்கு அனுப்பாதீர்கள். மோட்டாரிலிருந்து வரும் குழாயில் மூன்று வாய் கொண்ட ஒரு டீ இணைப்பு போட்டு, ஒரு கிளையை வால்வு வைத்து மீன் தொட்டிக்கே திருப்பி விடுங்கள். செடித்தொட்டிக்குப் போகும் குழாயிலேயே வால்வை வைத்துப் பாதி மூடினால், அந்தக் குறுகிய இடுக்கில் கழிவு சேர்ந்து, வாரத்துக்கு வாரம் வரத்து மாறும்; திரும்பும் கிளையில் வைத்தால் அந்தத் தொல்லை குறைவு, மீனுக்குக் காற்றும் கிடைக்கும். அந்த வால்வைத் திருகி மணிக்கு 300 முதல் 350 லிட்டர் வரை கொண்டுவாருங்கள். உங்கள் அரை டிரம்மில், ஜல்லிக்கு இடையே நிற்கும் தண்ணீர் முப்பது லிட்டர் சொச்சம்தான் இருக்கும்; எனவே ஐந்தாறு நிமிடத்தில் நிரம்பி, ஒன்றிரண்டு நிமிடத்தில் வடிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

இவற்றைச் செய்து முடிக்கும் வரை மீனைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டாம். மேலே நின்று வழிந்துகொண்டிருந்தாலும் தண்ணீர் ஜல்லி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அழுகிய முட்டை வாடை வராத வரை ஒரு வாரம் தாங்கும். அடியில் சலசலக்கும் நாட்களில்தான் ஆபத்து செடிக்கு, அதுவும் சித்திரை வெயிலில் மேல் ஜல்லி காய்ந்து வேர் சுருளும். அந்த நாட்களில் மோட்டாரைக் காலை, நண்பகல், மாலை என்று இரண்டிரண்டு நிமிடம் நிறுத்திப் போட்டால் தொட்டி ஒருமுறை நிரம்பி நனைந்துவிடும். வெளியேறும் குழாய் முழுவதும் அடைபட்டு, செடித்தொட்டி விளிம்பு தாண்டி வழிந்து, மீன் தொட்டியை மோட்டார் காலி செய்துவிடும் ஒரு நிலையும் உண்டு. அதற்காக மோட்டாரைத் தொட்டித் தரையில் வைக்காமல், இரண்டு செங்கல்லை அடுக்கி 15 செ.மீ. உயரத்தில் வையுங்கள், எது நடந்தாலும் அடியில் அவ்வளவு தண்ணீர் மீனுக்கு மிஞ்சும்.